ஜிடிவி 2000: 11 ஆண்டுகளும், 2,000 சுற்றில் ஒரு பள்ளமும்

சிசிலித் தீவின் கத்தானியாவில் இருக்கும் நண்பர் ஒருவர் 1969ஆம் ஆண்டின் ஆல்ஃபா ரோமியோ 1750 ஜிடிவி கார் ஒன்றைப் பேசி முடித்திருக்கிறார். வண்டி இன்னும் அவர் வாசலுக்கு வரவில்லை. அதற்குள் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் 40 மில்லிமீட்டர் கார்ப்பரேட்டர்களைக் கழற்றிவிட்டு, இன்னும் அகலமான 45 போடலாமா என்பதுதான். துருவைப் பற்றிக் கேட்கவில்லை. இந்த வண்டிகளில் எப்போதும் முதலில் தேய்ந்து கரகரக்கும் இரண்டாம் கியரைப் பற்றியும் கேட்கவில்லை. தொலைபேசியில் நான் சொன்ன பதில் சற்றுக் காரமாகப் போய்விட்டது. அதற்கு முந்தைய வாரம்தான் என்னுடைய 1972 ஜிடிவி 2000 பழுதுபார்க்கப்பட்டு வீட்டுக்கு வந்திருந்தது; ஆறு ஆண்டுகளாக நான் எதைத் திட்டிக்கொண்டிருந்தேனோ அதன் மீது பாதிக் குற்றம்கூட இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்திருந்தது. அவருக்குச் சொல்ல விட்டுப்போனதை இங்கே நிதானமாக எழுத முயல்கிறேன்.

இந்த வண்டியைப் பலெர்மோவில் 11 ஆண்டுகளுக்கு முன்பு வாங்கினேன். முதல் ஐந்து ஆண்டுகள் தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே ஓட்டினேன். குறை என்று சொல்ல எதுவும் இல்லை. பிறகு எஞ்சினைப் பிரிக்க வேண்டி வந்தபோது, பிரித்ததோடு பிரித்ததாக, 9க்கு 1 என்றிருந்த அழுத்த விகிதத்தை 10.4 ஆக உயர்த்தும் பிஸ்டன்களையும், வால்வுகளை ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதலாகத் தூக்கி அதிக நேரம் திறந்து வைத்திருக்கும் கேம்ஷாஃப்ட்களையும் போட்டேன். இரட்டை வெபர் 40 டிசிஓஇ கார்ப்பரேட்டர்கள் அப்படியே இருந்தன. அவற்றின் உள்ளே காற்றுப் பாதையை இடுப்புப் போல் குறுக்கும் சோக்குகளை மட்டும் 32இலிருந்து 34 மில்லிமீட்டருக்கு மாற்றினேன். காற்று வடிகட்டிப் பெட்டி போய், நான்கு அலுமினியக் குழல்கள் வந்தன. கொள்ளளவு அதே 1,962 சிசிதான்.

முதலில் புகழ வேண்டியதைப் புகழ்ந்துவிடுகிறேன். நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு மேல் இந்த எஞ்சின் வேறு பிறவி. செர்தாவில் இருந்து கல்தவுதூரோவுக்கு ஏறும் சாலை, பழைய தார்கா ஃப்ளோரியோ பந்தயத்தின் 72 கிலோமீட்டர் சுற்றில் ஒரு பகுதி. பலெர்மோவில் பள்ளிக்கூடம் நடத்திய நீனோ வக்கரெல்லா 1971இல் டொய்ன் ஹெசமான்ஸுடன் சேர்ந்து ஆல்ஃபா 33இல் வென்றது இதே மலைகளில்தான். அங்கே மூன்றாம் கியரில் வண்டியை ஏற்றிச் செல்லும்போது, அந்த நான்கு குழல்களும் காற்றை உறிஞ்சும் ஓசை வெறும் இரைச்சலாக இருப்பதில்லை. மிதியை ஒரு விரலளவு கூட்டினால் அதுவும் ஒரு படி கூடும், குறைத்தால் ஒரு படி இறங்கும். குதிரைத்திறன் எவ்வளவு கூடியது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. நான் அளந்து பார்க்கவில்லை. அளக்கத் தோன்றவும் இல்லை.

குறை கீழே இருந்தது. 1,800 சுற்றுக்கும் 2,300 சுற்றுக்கும் இடையில் எஞ்சினுக்கு மூச்சு நின்றுவிடும். மிதியை அழுத்தினால் ஒரு நொடி எதுவும் நடக்காது, பிறகு இருமுறை இருமும், அதன்பின் திடீரென்று பிடித்துக்கொண்டு முன்னால் பாயும். நெடுஞ்சாலையில் இது கண்ணில் படாது. மொந்தே பெல்லெக்ரினோ மலைச்சாலையின் கொண்டையூசி வளைவுகளிலோ இதைத் தவிர வேறொன்றும் படாது, ஏனென்றால் அங்கே இரண்டாம் கியரில் மணிக்கு 30 கிலோமீட்டரில் திரும்பும்போது சுற்றுமானியின் முள் சரியாக 2,100இல் நிற்கும். பலெர்மோவில் வாழும் நம் தமிழர்கள் சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்து ஏறும் பழைய கல்பாதை இந்தச் சாலையைப் பல இடங்களில் குறுக்கிடுகிறது. அப்படி ஓர் இடத்தில் வண்டி இருமி நின்றபோது, தண்ணீர்ப் போத்தலுடன் ஏறிக்கொண்டிருந்த ஓர் அம்மா குனிந்து, "தம்பி, பெற்றோல் முடிஞ்சுதோ?" என்று கேட்டார். இல்லை அம்மா, செலவழித்தது கூடிப்போய்விட்டது என்று சொல்லத்தான் நினைத்தேன்.

இந்த மூச்சுத்திணறலைத்தான் பள்ளம் என்கிறேன்; அது எப்படி உருவாகிறது என்பதை விளக்கினால்தான் என் கோபம் புரியும். இந்த வகை வெபரில் மிதியைச் சற்றே திறக்கும்போது, ஐடில் ஜெட் (குறைந்த சுற்றுக்கான பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை) வழியாக வரும் பெட்ரோல், மிதியோடு திறக்கும் தகட்டின் ஓரத்தில் உள்ள சிறு துளைகளால் கசிகிறது. மேலும் திறக்கும்போது சோக்கின் இடுப்பில் காற்று வேகமெடுத்து, முதன்மை ஜெட்டில் இருந்து பெட்ரோலை இழுக்கத் தொடங்குகிறது. சோக்கை அகலப்படுத்தினால் அதே சுற்றில் காற்றின் வேகம் குறைகிறது, முதன்மை ஜெட் தாமதமாக விழிக்கிறது. வால்வுகளை நீண்ட நேரம் திறந்து வைக்கும் கேம் இருந்தாலோ, குறைந்த சுற்றில் உள்ளே போன காற்றில் ஒரு பகுதி திரும்பிக் கார்ப்பரேட்டர் வாய்க்கே வந்து எட்டிப் பார்க்கிறது. ஒன்று ஓய்ந்து மற்றொன்று தொடங்காத அந்த இடைவெளிதான் பள்ளம். நான் போட்ட இரண்டு பொருள்களும் சேர்ந்து அதைத் தோண்டின என்று புத்தக அறிவு சொன்னது, நானும் நம்பினேன்.

நம்பியதால் ஆறு ஆண்டுகள் ஜெட் மாற்றினேன். ஐடில் ஜெட்டை 50 எஃப்8இலிருந்து 55 எஃப்8 ஆக்கினேன் (முதல் எண் பெட்ரோல் துளையையும், எஃப் எண் காற்றுத் துளையையும் குறிக்கும்), பிறகு 50 எஃப்9 ஆக்கினேன்; பள்ளம் சிறிது ஆழம் குறைந்தது, ஆனால் பெட்ரோல் கூடிப்போய் நகரப் போக்குவரத்தில் ஸ்பார்க் பிளக்குகள் அடுப்புக்கரி போல் கறுத்தன. சோக்கை 33 ஆக்கினேன். கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையின் உயரத்தை எத்தனை முறை அளந்தேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை. கடைசியில் பின் அச்சின் 10/41 பல்சக்கரங்களை எடுத்துவிட்டு 9/41 போட்டேன், அதாவது 4.1 விகிதம் 4.56 ஆனது. அதே வளைவில் அதே 30 கிலோமீட்டரில் முள் இப்போது 2,350ஐக் காட்டியது. வண்டி பள்ளத்தில் இறங்காமல் விளிம்பிலேயே நடந்தது. விலையாக, நெடுஞ்சாலையில் 130 போகும்போது ஐந்தாம் கியரில் 4,000 சுற்று இரைகிறது. நோயைத் தீர்க்காமல் நோயாளியை வேறு அறைக்கு மாற்றிய வைத்தியம் அது, ஆனாலும் ஏற்றத்தில் கிடைத்த இழுவைக்காக அதை இன்றும் மெச்சுகிறேன்.

சென்ற மாதம், மிதியைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் ஐடிலே நிலைகொள்ளாமல் போனதால், எங்கள் பகுதியில் சிறிய பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவரிடம் விட்டேன். அவர் ஜெட்டைத் தொடவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கார்ப்பரேட்டரைச் சிலிண்டர் ஹெட்டோடு இணைக்கும் ரப்பர் மவுண்ட்களின் அடிப்பக்கத்தில் துப்புரவுத் திரவத்தைப் பீய்ச்சினார். சுற்று சட்டென்று ஏறியது. கழற்றி எடுத்து, இரண்டு கட்டை விரல்களுக்கு இடையில் அந்த ரப்பரை வளைத்தார்: மேலிருந்து பார்த்தால் மாசு மறுவில்லாத கறுப்பு, அடியில் விரல்நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு, வாய் திறந்து சிரித்தது. பிறகு கீழே விளக்கைக் காட்டி, ஒன்றும் இல்லாத இடம் ஒன்றைச் சுட்டினார். கார்ப்பரேட்டர்களின் எடையை அடியில் இருந்து தாங்கும் முட்டுக்கம்பி அங்கே இருந்திருக்க வேண்டும். எஞ்சினைக் கட்டிக் கொடுத்த பட்டறை அதைத் திரும்ப மாட்டவே இல்லை. ஆறு ஆண்டுகளாக முழு எடையும் அந்த ரப்பரில் தொங்கியிருக்கிறது. வெடித்த வாய் வழியாகக் கணக்கில் வராத காற்று புகுந்து, நான் போட்ட ஒவ்வொரு ஜெட்டையும் பொய்யாக்கியிருக்கிறது.

புதிய மவுண்ட்கள், ஒரு முட்டுக்கம்பி. பள்ளத்தில் பாதிக்கும் மேல் காணாமல் போனது. நியாயமாகச் சொல்வதென்றால், மீதி இன்னும் இருக்கிறது. அது கேமின் இயல்பு, அதற்கு நான்தான் பொறுப்பு. பட்டறையின் மேல் எனக்கு இருக்கும் கோபம் அந்தக் கம்பியின் அளவுக்கு மட்டுமே இருக்க வேண்டும் என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். தினமும் அது அந்த அளவைத் தாண்டுகிறது.

இத்தனைக்கும் நடுவில் ஒரு சத்தமும் போடாமல் வேலை செய்தவை வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் முன்பக்க ஆன்ட்டிரோல் பார், சற்றே குட்டையான ஸ்ப்ரிங்குகள், நல்ல ஷாக் அப்சார்பர்கள், பின் அச்சைப் பிடித்திருக்கும் ஆங்கில 'டி' எழுத்து வடிவக் கையின் புதிய புஷ்கள். இவற்றுக்கு எஞ்சினுக்கு ஆனதில் ஐந்தில் ஒரு பங்குதான் செலவானது. அதே தார்கா சுற்றில் வரும் கொல்லெசானோ வளைவுகளில் நேரத்தை மிச்சப்படுத்துவதும் இவைதான். ஆல்ஃபாவே 1965இல் பந்தயத்துக்காக ஜிடிஏவைச் செய்தபோது உடலை அலுமினியக் கலவைத் தகடுகளால் வேய்ந்து எடையை 745 கிலோவுக்குக் கொண்டுவந்தது. அந்தப் பெயரின் கடைசி எழுத்துக்கே 'இலகுவாக்கப்பட்டது' என்றுதான் பொருள். அதைத் தெரிந்து வைத்துக்கொண்டே நான் கேமில் தொடங்கினேன். டயரை மட்டும் 165 எச்ஆர் 14இலேயே விட்டுவைத்தேன்: பதிவுப் பத்திரத்தில் உள்ள அம்சங்களை மாற்றினால் இத்தாலியச் சாலைச் சட்டத்தின் 78ஆம் பிரிவின்படி பரிசோதனை, பத்திரத் திருத்தம் என்று அலைய வேண்டும். அந்த அளவுக்குப் பொறுமை என்னிடம் இல்லை.

நண்பருக்கு எழுத்தில் அனுப்பிய பதில் இதுதான்: 45 வேண்டாம், 40ஐயும் தொட வேண்டாம், வண்டி வந்ததும் முதலில் ரப்பர் மவுண்டைக் கழற்றி அடிப்பக்கத்தை வளைத்துப் பாருங்கள், பிறகு பணம் மீந்தால் ஷாக் அப்சார்பர் வாங்குங்கள், கேம்ஷாஃப்ட் பக்கமே போக வேண்டாம். மறுபடியும் முதலில் இருந்து தொடங்குவதென்றால் நானும் போகமாட்டேன். இதைப் படித்த அவர், அப்படியானால் உங்கள் பழைய தொழிற்சாலைக் கேம்களைத் திரும்பப் போடுவீர்களா, இல்லையென்றால் விலைக்குத் தருவீர்களா என்று கேட்டார். எண்ணெய்த்தாள் சுற்றி மரப்பெட்டியில் வைத்திருந்த அவற்றை வெளியே எடுத்துத் துடைத்தேன். துரு ஏறவில்லை. புதிய தாள் சுற்றி அதே பெட்டியில் வைத்து மூடிவிட்டு, போடப்போவதும் இல்லை, விற்கப்போவதும் இல்லை என்று அவருக்குச் செய்தி அனுப்பினேன்.