வெல்டிங் புகை: ஈரத்துண்டு, என்-95, ரப்பர் கவசம், உறிஞ்சுகுழாய் - எது தாங்கும்?

ஜி.ஐ. பைப்பில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில், கேட் செய்த நாளில், பற்றவைத்த இடத்தைச் சுற்றி வெண்பஞ்சு போல ஒரு தூள் படிந்திருக்கும். துத்தநாகப் பூச்சு எரிந்து வந்தது அது. அந்தப் புகையை இழுத்தவருக்கு அன்று இரவே குளிர்காய்ச்சலும் உடம்புவலியும் வரும். ஓரிரு நாளில் விட்டுவிடும். விட்டுவிடுவதால்தான் பட்டறையில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பால் குடித்தால் போதும் என்பார்கள். வயிற்றுக்குள் போகும் பால், நுரையீரலுக்குள் போன புகையை என்ன செய்யும்?

எல்லாப் புகையும் இப்படி வந்து போவதில்லை. எவர்சில்வர் கைப்பிடியைப் பற்றவைத்தால் குரோமியமும் நிக்கலும் கிளம்புகின்றன. சாதாரண இரும்பிலும் வெல்டிங் ராடிலும் உள்ள மாங்கனீசு நரம்பைத் தாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று 2017இல் உறுதியாகவே அறிவித்துவிட்டது.

இனி, எதை நம்பலாம்? மூக்கில் கட்டும் ஈரத்துண்டை முதலில் தள்ளிவிடலாம். புகைத்துகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறியது. துணியின் இழை இடைவெளி அதற்கு வாசல். என்-95 துகளை நன்றாகவே தடுக்கும். ஆனால் வியர்வையில் நனைந்து, பொறி பட்டு, விரைவில் வீணாகும்.

ஏணிமேல் நின்று கிரில் பொருத்துபவருக்கு நான் சொல்வது, இருபுறமும் பி-100 என்னும் நுண்துகள் வடிகட்டி வைத்த, மூக்கையும் வாயையும் மூடும் ரப்பர் அரைமுகக் கவசம்தான். முகத்துக்கு முன் பிடிக்கும் வெல்டிங் கண்ணாடித் திரைக்குள் அடங்கும் தட்டை வடிகட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும். இரண்டு நாள் தாடி இருந்தாலே ஓரத்தில் காற்று புகுந்துவிடும். சவரம் செய்யாமல் அணிவது வீண். ஓசோன், கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்களை இது தடுக்காது.

பட்டறை மேசையில் நடக்கும் வேலைக்கு, புகையை விசிறியால் இழுக்கும் உறிஞ்சுகுழாயே சிறந்தது. புகை முகத்துக்கு வருவதற்கு முன்பே இழுத்துவிடும், பக்கத்தில் நிற்கும் உதவியாளப் பையனையும் காக்கும். ஆனால் குழாயின் வாய் பற்றவைக்கும் இடத்திலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். தள்ளிப்போனால் சத்தம்தான் மிச்சம். பின்னால் சுழலும் ஸ்டாண்டு ஃபேன் இதற்கு ஈடாகாது, புகையை அடுத்தவர் முகத்துக்குத்தான் அனுப்பும்.

எதை வாங்கினாலும், ஜி.ஐ. பைப்பைப் பற்றவைக்கும் முன் இணைப்பு ஓரத்துப் பூச்சைக் கிரைண்டரில் தேய்த்து எடுத்துவிடுங்கள். தேய்க்கும்போதும் கவசம் முகத்தில் இருக்கட்டும்.