வான் நிஸ்டல்ரூய்க்கு எந்த ஊர்? டச்சுக் குடும்பப் பெயர்த் தளம் பற்றி

அரசரடி ரயில்வே மைதானத்தில் பந்து உதைத்து வளர்ந்தவன் நான். வான் பாஸ்டன், வான் டெர் சார், வான் நிஸ்டல்ரூய் என்று டச்சு கால்பந்து வீரர்கள் பெயரெல்லாம் அப்போதே மனப்பாடம். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு, நெதர்லாந்தின் குடும்ப வரலாற்று மையமான சிபிஜி (CBG) நடத்தும் குடும்பப் பெயர்த் தளத்தைத் தாராளமாகச் சொல்வேன். ஆம்ஸ்டர்டாமில் உள்ள மெர்டென்ஸ் என்ற மொழி, பண்பாட்டு ஆய்வு நிறுவனம் உருவாக்கிய தொகுப்பு இது. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. காசு கிடையாது.

பெயரைத் தட்டினால் இரண்டு எண்கள் வரும்: 1947 கணக்கெடுப்பில் அந்தப் பெயரில் எத்தனை பேர், 2007இல் எத்தனை பேர். பக்கத்திலேயே வரைபடம். அந்தப் பெயர்க்காரர்கள் அதிகம் வாழும் பகுதி அடர்ந்த நிறத்தில் தெரியும். என்னைக் கட்டிப்போட்டது இந்த வரைபடம்தான்.

வான் நிஸ்டல்ரூயையே எடுத்துக்கொள்ளுங்கள். டச்சில் 'வான்' என்றால் 'இன்ன ஊரிலிருந்து வந்தவர்' என்ற பொருளில் வரும். வடக்கு பிரபான்ட் மாகாணத்தில் நிஸ்டல்ரோடே என்று ஒரு கிராமம் இருக்கிறது. காட்டை வெட்டித் திருத்திய நிலத்துக்கு அங்கே 'ரோடே' என்று பெயர், பேச்சில் 'ரூய்'. ரூட் வான் நிஸ்டல்ரூய் 1976இல் பிறந்தது அதற்குப் பக்கத்து நகரமான ஓஸில்! எத்தனையோ தலைமுறை கடந்தும் பெயர் ஊரைவிட்டு அதிக தூரம் போகவில்லை. பொதுவாக இப்படிப்பட்ட பெயர், ஊரைவிட்டு வெளியே வந்தவருக்குத்தான் ஒட்டும். மேலூரில் யாரையும் 'மேலூர்க்காரர்' என்று கூப்பிட மாட்டார்கள், மதுரைக்குக் குடிவந்த பிறகுதானே அந்தப் பெயர் வரும்? அதே கதைதான்.

நெப்போலியன் 1811இல் போட்ட ஆணையால்தான் டச்சுக்காரர்களுக்கே குடும்பப் பெயர் வந்தது என்று பலர் சொல்வார்கள். அது சரியில்லை. ஏராளமான குடும்பங்கள் அதற்கு வெகுகாலம் முன்பே பெயர் வைத்திருந்தன. ஆணை செய்தது, பெயர் இல்லாதவர்களையும் பதிய வைத்ததுதான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். விளக்கங்கள் டச்சு மொழியில் இருப்பதால் மொழிபெயர்ப்புச் செயலி துணைக்கு வேண்டும். எல்லாப் பெயருக்கும் விளக்கம் கிடையாது. எழுத்துக்கூட்டல் ஒரு எழுத்து மாறினாலும் அது தனிப் பெயர், தனிக் கணக்கு. அதனால் ஒரே குடும்பத்தைப் பார்க்கிறோமா என்பதை நாமே யோசிக்க வேண்டும். ஐந்து பேருக்கும் குறைவாக இருந்தால் சரியான எண் காட்ட மாட்டார்கள். அது அந்தரங்கம் கருதி, நியாயம்தான்.

அப்புறம், அகரவரிசையில் தேடுகிறவர்கள் கவனிக்க: நெதர்லாந்தில் 'வான்', 'வான் டென்' எல்லாம் வரிசைக்குக் கணக்கில்லை. வான் டென் பெர்க் என்றால் 'பி' (B) எழுத்தின் கீழ்தான் பார்க்க வேண்டும். பெல்ஜியத்தில் இதற்கு நேர்மாறு, அங்கே 'வி'யில் (V) தேடுங்கள்.