ஒரு டார்ச், இரண்டு கோலிக்குண்டு, ஓர் அம்மோனைட்: மூன்று வருஷ அனுபவம்

மதுரையில் ஒரு கல்லூரி விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை எனக்கு. அலமாரியில் உள்ளங்கை அகலத்தில் ஓர் அம்மோனைட் இருக்கிறது; சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் உயிரியின் புதைபடிவம். லேபிளில் 'அரியலூர்' என்று மட்டும் எழுதியிருக்கும். பல வருஷமாக அதைத் துடைத்து வைப்பதோடு சரி. ஒருநாள் அதன் போட்டோவை வீட்டில் காட்டினேன். "சாளக்கிராமம்டா, கண்ட இடத்துல வைக்காத" என்றார் அம்மா. அவர் சொன்னதில் தப்பில்லை. நேபாளத்துக் கண்டகி நதியில் எடுக்கும் சாளக்கிராமத்தில் சக்கரம்போலத் தெரிவதும் அம்மோனைட்தான். எங்கள் அலமாரியில் இருப்பது, டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் அரியலூரில் இருந்த கடல் விட்டுப்போன பங்காளி.

இந்தக் கல்லை வைத்துத்தான் ஆர்.டி.ஐ. பழகினேன். தகவல் அறியும் உரிமை இல்லை; ரிஃப்ளெக்டன்ஸ் ட்ரான்ஸ்ஃபர்மேஷன் இமேஜிங், அதாவது வெளிச்சத்தின் திசையை மாற்றி மாற்றிப் படமெடுத்து மேற்பரப்பைப் பார்க்கும் முறை. 2001ல் டாம் மால்ஸ்பெண்டரும் கூட்டாளிகளும் ஹெச்.பி. கம்ப்யூட்டர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது. பழைய கல்வெட்டு படிப்பவர்கள் வெயில் சாயும் நேரத்துக்காகக் காத்திருப்பார்கள் இல்லையா, அதே சூட்சுமம்தான். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் மேடு பள்ளம் நிழலாக எழும்பும்.

கேமராவை ஸ்டாண்டில் கல்லுக்கு நேர் மேலே பூட்டிவிட வேண்டும். கல்லுக்குப் பக்கத்தில் பளபளப்பான கறுப்புக் கோலிக்குண்டு இரண்டு. டார்ச்சை ஒவ்வொரு திசையிலும் ஒவ்வொரு உயரத்திலும் பிடித்து ஒவ்வொரு படம். நான் எடுப்பது 48. டார்ச் எல்லாப் படத்துக்கும் ஒரே தூரத்தில் இருக்க, அதில் ஒரு நூலைக் கட்டி, நுனியைக் கல் வரை இழுத்து அளந்துவிட்டு நூலை விலக்கிவிடுவேன். கோலிக்குண்டில் மின்னும் புள்ளியை வைத்து, வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று இலவச மென்பொருள் கணக்குப் போடும். அதன்பிறகு கம்ப்யூட்டர் திரையில் மவுஸை நகர்த்தினால் வெளிச்சமும் நகரும். கல்லின் நிறத்தை அடக்கி, உலோகம்போல மினுங்க வைத்தும் பார்க்கலாம்.

முதல் தடவை அப்படிப் பார்த்தபோது, வெறும் அழுக்குக் கோடு என்று நான் துடைத்துத் துடைத்து அலுத்த இடத்தில், பாசி இலை விளிம்புபோல நெளிநெளியாக ஒரு வரி எழும்பியது. சூச்சர் கோடு. அம்மோனைட்டின் உள்ளறைச் சுவர், வெளி ஓட்டின் உட்புறத்தைத் தொட்ட இடம் அது. அம்மோனைட் எந்த இனம் என்று பிரிக்க ஆய்வாளர்கள் இந்த நெளிவைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். எத்தனை வருஷம் என் துணிக்கடியிலேயே இருந்திருக்கிறது!

குறையும் சொல்ல வேண்டும். சித்திரை மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் டார்ச் பிடிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஃபேன் ஓடினால் ஸ்டாண்ட் அதிர்ந்து படம் கெடும். ஒரு தடவை மேஜையில் முழங்கை இடித்து 48ம் வீண். கோலிக்குண்டு உருளாமலிருக்க அடியில் எம்-சீல் வைத்திருக்கிறேன். 4 ஜிபி லேப்டாப் திணறும். டீ குடித்துவிட்டு வரலாம். அறை இருட்டாக இருக்க வேண்டும் என்பதால், ஜன்னலைச் சாத்திவிட்டு, மாதாந்திர மின்தடை நாளில் வைத்துக்கொள்வேன். எப்படியும் ஃபேன் ஓடாது.

இடையில் 1600 மடங்கு என்று பெட்டியில் போட்டிருந்த ஒரு யு.எஸ்.பி. மைக்ராஸ்கோப்பும் வாங்கினேன். அந்தப் பேச்சு வேண்டாம்.

சிடி ஸ்கேனையும் விடவில்லை. தெரிந்த ஸ்கேன் சென்டரில், கூட்டம் ஓய்ந்த இரவில், கல்லைப் படுக்க வைத்தோம். "பேஷண்ட் பேர் என்னண்ணே?" என்று கேட்டுச் சிரித்தார் டெக்னீஷியன். வந்த படம் சாம்பலுக்குள் சாம்பல். எக்ஸ் கதிருக்கு அடர்த்தி வித்தியாசம்தான் கண். ஓட்டறைகளை நிரப்பியது கால்சைட் என்ற கனிமம், சுற்றியிருப்பது பெரும்பாலும் அதே கனிமத்தாலான சுண்ணாம்புக்கல். இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? மருத்துவ ஸ்கேனரின் நுணுக்கமும் அரை மில்லிமீட்டர் அளவில் நின்றுவிடும். ஆய்வுக்கான மைக்ரோ சிடி சில மைக்ரான் வரை, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு வரை போகும். லண்டனில் உள்ள ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்ற ஆதிப் பறவைப் புதைபடிவத்தின் மூளைப்பெட்டியை அப்படி ஸ்கேன் செய்துதான், பார்வைக்கும் காதுக்குமான பகுதிகள் பெருத்திருந்ததை 2004ல் வெளியிட்டார்கள். நம் பக்கத்திலேயே, கீழடியை ஒட்டிய கொந்தகையில் கிடைத்த பழைய மண்டையோடுகள் இரண்டை சிடி எடுத்து, மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் 2025ல் முகம் வரைந்தன. அவை புதைபடிவம் இல்லை, எலும்பு. சிடிக்கு எலும்பு சுலபம்.

ஆக, கல்லின் மேற்பரப்புக்கு என் ஓட்டு டார்ச்சுக்குத்தான். கேமராவைக் கழித்தால் ஐந்நூறு ரூபாய்கூட ஆகாது. உள்ளே பார்க்க ஆசை இருந்தால், வெளிநாட்டு அருங்காட்சியகங்களின் ஸ்கேன்கள் மார்ஃபோசோர்ஸ் தளத்தில் இருக்கின்றன, பலவற்றை இறக்கிக்கொள்ளலாம். அதற்கு மட்டும் 16 ஜிபி லேப்டாப்பை யாரிடமாவது கெஞ்ச வேண்டும்.

போன வாரம் ஒரு மாணவர் சிவகங்கைப் பக்கத்திலிருந்து இலைப் பதிவு உள்ள கல் ஒன்றின் படத்தை அனுப்பியிருக்கிறார். நரம்பு லேசாகத்தான் தெரிகிறது. கல்லைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, எங்கள் ஏரியாவில் அடுத்த மின்தடை என்றைக்கு என்று தினமும் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.