முழங்கால் வலிக்கு நடையா, யோகாவா, தாய் சியா?

அம்மாவுக்கு எழுபது தாண்டி மூட்டுத் தேய்மானம் வந்ததும் வீட்டில் மூன்று பேச்சு அடிபட்டது: நடை, யோகா, மெதுவான அசைவுகளாலான சீனப் பயிற்சி தாய் சி. இங்கே சிங்கப்பூரில் மூன்றுக்குமே அதிகம் அலைய வேண்டியதில்லை. நாங்கள் எடுத்தது தாய் சி. என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

நடைக்குச் செலவில்லை, சர்க்கரைக்கும் இதயத்துக்கும் நல்லது. அம்மா அதை விடவில்லை. யோகாவில் தரையில் உட்கார்ந்து எழுவதே அவருக்குப் பெரும்பாடு. நாற்காலி யோகாவும் உண்டு. நாங்கள் பழகிப் பார்க்கவில்லை, அதனால் அதைக் குறைசொல்ல மாட்டேன்.

எனக்கு முடிவைத் தந்தது ஒரே விஷயம்: கீழே விழுவது. இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பலரால் பழையபடி நடமாட முடிவதில்லை. சாதாரண நடையில் கால் பழக்கத்தில் போய்விடும். தாய் சியில் முன்னால் வைக்கும் காலின் குதிகால் மட்டும் முதலில் தரையைத் தொடும். உடம்பின் பாரம் இன்னும் பின்காலில்தான். பாதம் முழுக்கப் படிந்த பிறகே பாரம் மெல்ல முன்னால் வரும். ‘மேகக் கைகள்’ அசைவில் பக்கவாட்டில் நகர வேண்டும், இன்னொன்றில் பின்னோக்கி. குளியலறையில் திரும்பும்போதும் பேருந்திலிருந்து இறங்கும்போதும் கால் தடுமாறுவது இப்படிப் பாரம் மாறும் நொடியில்தானே?

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், விழும் அபாயமுள்ள 70 வயதுக்கு மேற்பட்ட 670 பேரை வைத்து நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. ஆறு மாதப் பயிற்சியில், தசை நீட்டல் மட்டும் செய்தவர்களைவிடத் தாய் சி குழுவினர் விழுந்தது 58 விழுக்காடு குறைவு. சமநிலை, தசை வலு, ஏரோபிக்ஸ் எல்லாம் கலந்து செய்தவர்களோடு ஒப்பிட்டாலும் 31 விழுக்காடு குறைவு. வேறு எந்த வாதமும் என்னை இந்த அளவுக்கு அசைக்கவில்லை.

குறையும் உண்டு. 1956இல் சீனாவில் எளிமைப்படுத்திய 24 அசைவுத் தொடரே மனதில் படிய மாதக்கணக்கில் ஆகும். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கும் வகுப்பில் ஆசிரியர் மாண்டரின் சீனத்தில்தான் சொல்வார். அம்மா முன்வரிசை ஆன்ட்டியின் காலைப் பார்த்தே செய்துவிடுகிறார்.

முழங்காலை மட்டும் கவனியுங்கள். தாழ மடக்கக் கூடாது, கால்விரலைத் தாண்டி முன்னால் போகவும் கூடாது, உள்பக்கம் சாயவும் கூடாது. வகுப்பு தேடும்போது, ஆசிரியர் முன்னால் நின்று செய்துகாட்டுவதோடு நிறுத்துகிறாரா, வரிசைக்குள் வந்து ஒவ்வொருவரின் முழங்காலையும் பார்த்துத் திருத்துகிறாரா என்று ஒருநாள் நின்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.