ரீஸ்டார்ட் செய்யாமலே தடம் பிடிக்க: ஜாவா ஃபிளைட் ரெக்கார்டர்

சர்வர் திணறும்போது ட்ரேஸ் (உள்ளே என்ன நடக்கிறது என்ற பதிவு) எடுக்க ரீஸ்டார்ட் செய்யச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். ரீஸ்டார்ட் ஆனதும் கோளாறும் மறைந்துவிடும், அப்புறம் எதைத் தேடுவது? ஜாவா நிரல்களை ஓட்டும் ஜேவிஎம்முக்குள்ளேயே இருந்து, ஓடும்போதே நடப்பதைப் பதியும் ஜாவா ஃபிளைட் ரெக்கார்டரை நான் கொண்டாடுவது இதற்காகத்தான். ஒருகாலத்தில் ஆரக்கிளின் கட்டண வசதி இது. 2018இல், ஜாவா உருவாக்கத் தொகுப்பான ஜேடிகேயின் 11ஆம் பதிப்புடன் ஓப்பன் சோர்ஸ் ஆனது.

ஜேடிகேயுடன் வரும் ஜேசிஎம்டி கட்டளையால் வெளியிலிருந்தும் பதிவைத் தொடங்கலாம். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது, அதை நிரலுக்குள்ளிருந்தே செய்ய உதவும் ரெக்கார்டிங் என்ற கிளாஸ்தான். அட்மின் பக்கத்தில் ஒரு பட்டன் வைத்தோம். அழுத்தினால் அப்ளிகேஷனே பதிவைத் தொடங்கும், நிறுத்தும், ஃபைலாக எழுதித் தரும். எந்த நிகழ்வு வேண்டும், எவ்வளவு நுணுக்கமாக வேண்டும் என்பதையும் அங்கேயே மாற்றலாம். த்ரெட்கள் (நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் இழைகள்) லாக்குக்காக, அதாவது ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டும் உள்ளே விடும் பூட்டுக்காக, காத்திருப்பதைப் பதியும் ‘ஜாவா மானிட்டர் என்டர்’ நிகழ்வு, வழக்கமான அமைப்பில் 20 மில்லிவினாடிக்குக் குறைந்த காத்திருப்பைக் கண்டுகொள்ளாது. எங்கள் சேவை மந்தமான ஒரு நாள் அந்த வரம்பை 5 மில்லிவினாடியாகக் குறைத்தோம். தேதியை வடிவமைக்கும் ஒரே ஒரு சிங்க்ரனைஸ்டு (லாக் போட்ட) மெத்தடின் வாசலில் த்ரெட்கள் வரிசைகட்டி நின்றது அப்படியே தெரிந்தது. யார் எவ்வளவு நேரம் காத்திருந்தார், அதற்கு முன் லாக்கைப் பிடித்திருந்த த்ரெட் எது, கோடில் எந்த வரி, எல்லாமே அதில் இருந்தன. பயனர் யாருக்கும் இணைப்பு அறுபடவில்லை.

ஜேடிகே 14இல் வந்த ரெக்கார்டிங் ஸ்ட்ரீம் இன்னும் ஒரு படி மேல். ஃபைலுக்காகக் காத்திருக்க வேண்டாம். நிகழ்வுகள் அப்ளிகேஷனுக்கே வந்துகொண்டிருக்கும். நிலைமை மோசமாவதைப் பார்த்து அதுவே பதிவைக் கூட்டிக்கொள்ளும்படி எழுதிவிடலாம். வழக்கமான அமைப்பில் பதிவால் கூடும் சுமை சுமார் 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் இதை உருவாக்கியவர்களின் இலக்கு. அதனால் புரொடக்‌ஷனில் எப்போதும் ஓடவிட்டு, மேக்ஸ் ஏஜ் (எவ்வளவு காலப் பதிவை வைத்திருப்பது), மேக்ஸ் சைஸ் (எவ்வளவு பெரிதாக விடுவது) இரண்டையும் கட்டுப்படுத்தினால் போதும்.

குறை இல்லாமல் இல்லை. நிகழ்வின் பெயரைத் தவறாக எழுதினால் இந்தக் கிளாஸ்களின் ஏபிஐ (நிரல் இடைமுகம்) வாயே திறக்காது, பதிவு மட்டும் வெறுமையாக வரும். பதிவைத் திறந்து பார்க்க உதவும் மிஷன் கன்ட்ரோல் மென்பொருளின் திரை புதியவரை மிரட்டும்.

இன்னொன்றைக் கட்டாயம் கவனியுங்கள். என்விரான்மென்ட் வேரியபிள்களும் (நிரலுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பு மதிப்புகள்) பதிவில் சேரும். பாஸ்வேர்டை அங்கே வைத்திருந்தால் அதுவும் போய்விடும். ஃபைலை வெளியாருக்கு அனுப்பும் முன், ஜேடிகே 19 முதல் கிடைக்கும் ஸ்க்ரப் கட்டளையால் அந்த நிகழ்வுகளை நீக்கிவிடுங்கள்.