வீட்டுப் பிளான் பாஸ்: நீங்களே அலைவதா, கொந்துறாத்தில் விடுவதா, கட்டிவிட்டுப் போவதா?

புதுக்குடியிருப்பு, மல்லாவி, கிளிநொச்சி என்று வன்னியின் எந்தச் சிறுநகரத்தை எடுத்தாலும் கட்டட அனுமதிக்கு மூன்று வழிகள்தான் புழக்கத்தில் இருக்கின்றன. பிரதேச சபைக்கு நாமே கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைவது ஒன்று. வீட்டுப் பிளான் படம் வரைபவரிடமே முழு வேலையையும் கொந்துறாத்தாக விடுவது இன்னொன்று. மூன்றாவது, பலர் செய்துவிட்டு வெளியில் சொல்லாதது: முதலில் கட்டிவிட்டுப் பிறகு சபைக்குப் போவது.

அந்த மூன்றாவதை முதலில் பார்த்து ஒதுக்கிவிடலாம். பலர் இப்படிச் செய்வதற்குப் பழக்கமும் ஒரு காரணம். 2012 இல் வீச்சாகத் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை லட்சம் ரூபாய் கட்டம் கட்டமாக வங்கிக் கணக்குக்கு வந்தது. படமும் திட்டத்தோடேயே வந்தது. சபைப் படி ஏறாமலே பலர் வீடு கட்டி முடித்தார்கள். இப்போது அதே வீட்டோடு ஒரு விறாந்தை, ஒரு அறை, வீதிப் பக்கம் ஒரு கடை என்று இழுக்கும்போதும் அதே நினைப்பில் அத்திவாரம் வெட்டுகிறார்கள். "எங்கட காணி, எங்கட காசு, ஆர் கேக்கிறது?" பின்வளவில் ஒரு குசினி என்றால் ஒருவேளை யாரும் கேட்கமாட்டார்கள். பரந்தன் முல்லைத்தீவு ஏ35 வீதியோரக் கடை என்றால் கேட்பார்கள். வீதியின் நடுக்கோட்டில் இருந்து நாடா பிடித்து அளக்கும்போது தூண் வீதிப் பக்கம் வெறுமனே விடவேண்டிய கட்டட எல்லைக்குள் நின்றால், தண்டப்பணம் கட்டினாலும் அந்தத் தூணுக்கு அனுமதி வராது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் பிரதேசமாக அறிவிக்கப்பட்ட இடத்தில், நீதவான் நீதிமன்றத்தில் இடிப்புக் கட்டளை வரைக்கும் போகலாம். வயலை நிரவிக் கட்டினால் தலையிடி இன்னும் பெரிது: 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி நெற்காணியை நிரப்பக் கமநல ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். வங்கிக் கடன் எடுக்கும் எண்ணம் இருந்தால் இந்த வழியை மறந்துவிடுங்கள். பாஸான பிளான் இல்லாமல் வங்கி வீட்டுக்கடன் கோப்பையே திறக்காது.

சரி, மிச்சம் இரண்டு.

கொந்துறாத்துக்காரரின் பேச்சு இனிக்கும். "அண்ணை, நீங்க வீட்டில இருங்கோ, பாஸை நான் கொண்டுவந்து கையில தாறன்." படக்கூலி பெரும்பாலும் சதுர அடிக் கணக்கு, அலைச்சலுக்கு மேலே ஒரு தொகை, "சபைச் செலவு" என்று இன்னொன்று. சபைக் கட்டணம் யார் கொண்டுபோனாலும் ஒன்றுதான். கட்டடத்தின் பரப்பை வைத்தே கணிப்பார்கள். ஆகவே அந்தக் கடைசித் தொகைக்குச் சபையின் பற்றுச்சீட்டைக் கேளுங்கள். கேட்டவுடன் முகம் மாறினால் ஆளை மாற்றலாம்.

ஆனால் காசைவிடப் பெரிய விஷயம், கோப்பு எங்கே நிற்கிறது என்பது. எங்கள் பக்கத்தில் கோப்பு படத்தில் நிற்பது குறைவு, காணிக் கடதாசியில்தான் நிற்கும். வன்னியில் சொந்த உறுதி உள்ள காணியைவிட, அரசு பெர்மிட்டில் கொடுத்த காணிதான் கூட. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அந்தப் பெர்மிட், இத்தனை இடப்பெயர்வுக்குள்ளும் சொப்பின் பையில் சுற்றிக் காப்பாற்றப்பட்டு, மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, எழுத்து மங்கிப்போய் இருக்கும். அதில் இருப்பது அப்பாவின் பெயர், அல்லது கணவரின் பெயர். அவர் இப்போது இல்லை, அல்லது எங்கே என்று தெரியாது. அவருக்குப் பின் காணி யாருக்கு என்ற பின்னுரித்தாளர் பெயர் பதியவில்லை. சிலரிடம் பெர்மிட்டே இல்லை. இடப்பெயர்வில் கிளாலியிலோ மாத்தளனிலோ தொலைந்துபோய்விட்டது. இதைப் படம் வரைபவர் தீர்த்துத் தர முடியாது. விதானையாரிடம் கடிதம் வாங்கி, பிரதேச செயலகக் காணிக் கிளையில் பேரேட்டில் பெயரைத் தேடுவித்து, பின்னுரிமைக்கு விண்ணப்பித்து என்று எல்லாவற்றுக்கும் குடும்பத்து ஆள்தான் போய் நிற்க வேண்டும். காட்டோரக் கிராமங்களில் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் வளவுக்குள் வந்து நின்றால் அதுவும் அப்படித்தான். ஆக, "வீட்டில இருங்கோ" என்று சொல்லிக் காசு வாங்குபவர் எடுப்பது சுலபமான பாதி வேலையை.

மற்றப் பாதியும் அவ்வளவு கடினமில்லை. விண்ணப்பம், படப் பிரதிகள், நில அளவைப் படம், காணி ஆவணம், சோலைவரி கட்டிய சீட்டு என்று சேர்த்துக் கொடுத்தால், தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பிஎச்ஐயும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வளவுக்கு வருவார்கள். எந்த வழியில் போனாலும் அன்று வீட்டுக்காரர் நிற்பது நல்லது. வந்தவர் முதலில் கேட்பது பெரும்பாலும் வீட்டைப் பற்றி இல்லை. "கிணறு எங்க? மலகூடக் குழி எங்க வருது?" பக்கத்து வளவுக் கிணற்றையும் எட்டிப் பார்ப்பார்கள். படத்தில் அந்தக் கிணற்றைக் குறிக்காமல் விட்டிருந்தால் கோப்பு திரும்பி வரும். கொந்துறாத்துப் படங்களில் இது அடிக்கடி நடக்கிறது. வளவைப் பார்க்காமலே, முன்பு வரைந்த படத்தில் பெயரை மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள்.

என் கணக்கில், ஒரு தட்டு வீட்டுக்குப் படத்தை மட்டும் காசு கொடுத்து வரைவித்து, கோப்பை நீங்களே கொண்டுபோவது நல்லது. கடதாசி சுத்தமான உறுதிக் காணி, ஆள் வெளிநாட்டில், ஊரில் வயதான அம்மா மட்டும் என்றால் கொந்துறாத்துக்குக் கொடுக்கலாம், குறையில்லை. மேல்தட்டு போடுவதென்றால் இரண்டுமே போதாது. கம்பிக் கணக்குக்குப் பொறியியலாளர் வேண்டும்.

கொந்துறாத்துக்குக் கொடுப்பவர்கள் பேச்சை முடிக்குமுன் ஒன்று கேட்க வேண்டும்: கட்டி முடிந்தபின், பாஸான படத்தின்படி கட்டியிருக்கிறது என்று எடுக்கும் ஒழுங்கிசைவுச் சான்றிதழும் இந்தத் தொகைக்குள் வருமா? அநேகமாக வராது. பாஸ் கையில் வந்ததோடு அவர் கணக்கை முடித்துவிடுவார். பாஸுக்கும் காலக்கெடு உண்டு, பொதுவாக ஒரு வருடம். வெளிநாட்டுக் காசை எதிர்பார்த்து அத்திவாரத்தோடு நிற்கிற வீடென்றால், கெடு முடியுமுன் நீடிப்புக்கு விண்ணப்பிக்கப் போவதும் நீங்கள்தான்.