செங்கோட்டை பஜார் பக்கத்து கம்ப்யூட்டர் சென்டர்: பேரு சரியா ஏறணும்னா இங்க போங்க

பாஸ்போர்ட் அப்ளை பண்ண எந்த சென்டருக்குப் போனா என்னன்னுதான் நானும் இருந்தேன். போன தடவை எனக்கு எடுக்கும்போது வேற ஊர்ல ஒரு இடத்துல குடுத்தேன், அங்க என்கிட்ட ஒரு வார்த்த கேக்காம தட்டி அனுப்பிட்டாங்க, மார்க் ஷீட்ல எம்-ஏ-ஐ-டி-இ-இ-என்னு இருந்த மைதீன் பாஸ்போர்ட்ல எம்-ஓ-எச்-ஐ-டி-இ-இ-என் ஆயிருச்சு. ரெண்டும் அரபில முஹ்யித்தீன்தான், ஆனா கல்ஃப் கம்பெனிக்கு அது ரெண்டு ஆளு. அஃபிடவிட் அது இதுன்னு ரெண்டு மாசம் அலைஞ்சேன், கைக்கு வந்த வேலையும் போச்சு.

அந்த வலி இருந்ததால மக விஷயத்துல விசாரிச்சுத்தான் இங்க வந்தேன். பிறப்புச் சான்றிதழ்ல இன்னும் பேரு ஏத்தல. சென்டர் நடத்துற அண்ணாச்சி வாங்கிப் பாத்துட்டு, "பாய், இதான் மொத பேப்பர், இதுல என்ன எழுதுறமோ அதான் ஸ்கூலு, ஆதாரு, பாஸ்போர்ட்னு கடைசி வரைக்கும் வரும், வீட்ல பேசிட்டு வாங்க"ன்னு ஃபார்மை வாங்காமலே திருப்பிக் குடுத்துட்டார். காசு வாங்கிட்டு தட்டி விட்டுருக்கலாம், செய்யல பாருங்க, அது எனக்குப் பெருசு.

பேரு ஜைனப். எங்க வாப்பும்மா, அதாவது வாப்பாவோட அம்மா பேருதான், அவங்க ரேஷன் கார்டுல ஜே போட்டு எழுதிருக்கு. எம் பொண்டாட்டி புனலூர்க்காரி, அவ பெரியும்மாவுக்கும் அதே பேரு, ஆனா அங்க சைனபான்னு எஸ் போட்டு இருக்கு. அரபில அது இசட் சத்தம், தமிழ்லயும் மலையாளத்துலயும் அதுக்குன்னு எழுத்து கிடையாது, நாம ஜ-வுக்குப் போனோம், அவங்க ஸ-வுக்குப் போனாங்க, அங்கேருந்து இங்கிலீஷுக்குப் போகும்போது ஒரே பேரு ரெண்டாப் பிரிஞ்சிருச்சு. அப்துல் கலாம் அய்யாவோட முழுப்பேர்ல வர்ற ஜைனுலாப்தீனும் இப்படித்தான், ஜைனுல் ஆபிதீன்ங்கறது, இங்கிலீஷ்ல ஜே-லதான் ஆரம்பிக்கும். அவர் பேர்லயே பக்கீர்னு வர்றது அரபில ஃபகீர், தமிழ் வழியா வந்ததால எஃப்புக்குப் பதிலா பி (P) போட்டு எழுதியாச்சு.

முகம்மதுக்கு ஏன் இத்தன ஸ்பெல்லிங்னு அண்ணாச்சி கேட்டார், ஓதப்பள்ளியில படிச்சத சொன்னேன். அரபில குறில் மூணுதான், அ இ உ, தனியா எ-வும் ஒ-வும் கிடையாது, அதனால ஒருத்தன் யூ போடுறான் ஒருத்தன் ஓ போடுறான், ரெண்டும் பேஷ்ங்கற அதே உ-குறிதான். நடுவுல வர்ற மீம்ங்கற எழுத்து மேல ஷத்துன்னு இரட்டிக்கிற குறி இருக்கறதால ரெண்டு எம் வரணும், அதையும் பாதி பேரு விட்டுர்றாங்க. தொண்டையிலேருந்து வர்ற ஐன் மாதிரி அரபி எழுத்துக்கு இங்கிலீஷ்ல இடமே இல்ல. பாஸ்போர்ட்ல போட்டோ பக்கத்துக்கு அடியில ரெண்டு வரி இருக்குல்ல, வரிக்கு 44 இடம், அதுல பேர எழுத ஏ-லேருந்து இசட் வரைக்கும் உள்ள 26 எழுத்துதான், மேல கீழ புள்ளி கோடு எதுவும் ஏறாது. அப்போ எது சரின்னு சண்ட போட்டுப் பிரயோஜனமில்ல, எல்லா பேப்பர்லயும் ஒண்ணு போல இருக்கணும், அவ்ளோதான்.

மறுநாள் போனோம். அண்ணாச்சி பென்சில்ல பேப்பர்ல மூணு விதமா எழுதி வச்சிருந்தார், ஜே-ல ஒண்ணு, எஸ்-ல ஒண்ணு, இசட்-ல ஒண்ணு. எம் பொண்டாட்டி இசட் மேல வெரல வச்சா. அப்புறம் மானிட்டர அவ பக்கம் திருப்பி, எழுத்தப் பெருசாக்கி, "நீங்களே ஒவ்வொரு எழுத்தா சத்தமா வாசிங்கம்மா"ன்னார். இசட், ஏ, ஐ, என், ஏ, பி. வாசிச்சு முடிச்ச பெறகுதான் பிரிண்ட் குடுத்தார். சான்றிதழ் வந்ததும் பாஸ்போர்ட்டுக்கும் அங்கேயே அப்ளை பண்ணோம், அப்பயும் பழைய பேப்பர பக்கத்துல வச்சு எழுத்தெழுத்தா சரி பாத்தார். அவரு கூலி 200 ரூபா, அதுக்கு மேல ஒரு பைசா கேக்கல.

ஒரு கொறை, கடை ரொம்பச் சின்னது, நாற்காலி ரெண்டுதான், கைக்கொழந்தையோட போனா நிக்கணும். சர்வர் மக்கர் பண்ணா அவராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. காலைல கடை தொறக்கும்போதே போயிருங்க, கையில இருக்க எல்லா சர்டிஃபிகேட்டயும் ஒரிஜினலா எடுத்துட்டுப் போங்க, அவரு அதைத்தான் மொதல்ல கேப்பார்.